சேமித்து வைக்காத எண்

தெருவில் இருக்கிற போன்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவன் நான். ஆனால் என் அக்கா கையில் முப்பத்தொன்பது வயதுவரை போன் கிடையாது. வாங்க வழியில்லாமல் இல்லை. வேண்டாம் என்று தடுத்தவன் நானேதான்.

“கண்டவனும் கூப்பிடுவான்க்கா. யார் கேட்டாலும் என் நம்பரைக் குடு.”

இதைப் பெரிய அக்கறை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குச் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் வேலை. பத்து மணி நேரம் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு தைக்க ஆள் எடுக்கிறார்கள், ஆறு மணி நேரம்தான் வேலை என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்த் தைத்துக் காட்டினாள். திரும்பும்போது ஒரு சீட்டோடு நேரே என் கடைக்கு வந்தாள்.

“இந்த நம்பர்ல இருந்துதான் கூப்பிடுவாங்களாம். போட்டு வச்சுக்கடா.”

“சரிக்கா, சரிக்கா” என்றேன். சால்டரிங் செய்துகொண்டிருந்த போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

நாலாம் நாள் ஓர் ஆண்குரல் அக்கா பெயரைச் சொல்லிக் கேட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அவங்களைக் கேக்க நீ யாருய்யா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் கட் செய்தேன். மறுபடி அடித்தார். பிளாக் செய்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அக்கா தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து கேட்பாள். “கால் வந்துச்சாடா?”

“வந்தா சொல்ல மாட்டேனா?” என்று எரிந்து விழுவேன்.

இரண்டு மாதம் இப்படியே போனது. நச்சரிப்பு தாங்காமல் ஒரு பழைய போனைச் சரிசெய்து அவளிடம் கொடுத்தேன். முதல் வாரமே ஏதோ விளம்பரக்காரன் விடாமல் அடித்தான். ஒரு நாள் காலையில் கம்பெனி வேனுக்குப் போகிற வழியில் கடைக்கு வந்து, “இவனை எப்படிடா நிறுத்தறது?” என்று கேட்டாள்.

“இதுகூடத் தெரியாதா?” என்று என் போனிலேயே பிளாக் செய்த எண்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அங்கே ஒரே ஓர் எண்தான் இருந்தது.

அக்கா விரல் வைத்துப் படித்தாள். பாதியிலேயே கண்ணை எடுத்துவிட்டு மீதியை மனப்பாடமாகச் சொன்னாள்.

அன்று அவள் சீட்டில் கொண்டுவந்த அதே எண். உடனே அந்த எண்ணுக்கு அடித்தேன். ஆள் எடுத்து ஒரு மாதமாகிவிட்டதாம். நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன்.

“ஒரு ஆம்பளை என்னைக் கேட்டதும், யாருன்னுடா நினைச்ச?” என்றாள்.

என்ன நினைத்தேன் என்பது எனக்குத் தெரியும். அதை எந்த வாயால் சொல்வது? அக்கா நான் கொடுத்த போனை என் மேசைமேல் வைத்துவிட்டு வேன் பிடிக்கப் போனாள்.