சந்தனப் பொட்டு மறைத்த தேதி

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். என் மகளின் காப்பகத்துச் சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸைத் துடைத்துவிட்டேன்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்தக் காப்பகம். நடத்துபவர் சாந்தி அக்கா. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) ஒன்றரை வயது மகளை அங்கே விட்டுவிட்டு ஆபீஸ் போனால், பத்து மணிக்கு ஒரு போன், பன்னிரண்டுக்கு ஒரு போன்... சாப்பிட்டாளா? தூங்கினாளா? பால் டம்ளரின் விளிம்பைக்கூடத் தடவிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த லைசென்ஸ்? எட்டு மாதமாக அதன் அடியில் நின்றுதான் தினமும் செருப்பு மாட்டினேன். படித்ததே இல்லை.

அதன் கண்ணாடியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு, பெரிதாக. அன்று அது காய்ந்து உதிர்ந்து என் மகளின் தலையில் விழுந்தது. மிச்சத்தைத் துப்பட்டாவால் துடைத்தேன். அடியில் ஒரு தேதி. அனுமதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது!

வேண்டுமென்று மறைத்ததா? சத்தியமாக இல்லை. மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் வைத்த கையோடு இதற்கும் வைத்திருக்கிறார். நம் ஊரில் ஒரு காகிதத்துக்குப் பொட்டு வைத்துவிட்டால், அப்புறம் அதை யார் படிக்கிறார்கள்?

"அக்கா, இது முடிஞ்சிபோச்சே?"

"ஆமா, புதுசு பண்ணணும். போனா இன்ஸ்பெக்‌ஷன்னு வருவாங்க, நொட்டை சொல்லுவாங்க. ஏன், ஒம் பொண்ணு இங்க வந்து எளச்சா போயிட்டா?"

இளைக்கவில்லை. கன்னம் உப்பித்தான் இருந்தது. நல்ல மனுஷியைப் போய்ச் சந்தேகப்படுகிறோமோ என்று எனக்கே கூச்சம். ஆனால் அதன்பிறகு என் கண் சும்மா இருக்கவில்லை. வாசலை ஒட்டிச் சமையலறை. பின்கதவை அடைத்துக்கொண்டு ஒரு பீரோ. இருபத்துநாலு குழந்தைகள். அடுப்பில் ஏதாவது ஆனால் எந்த வழியாக வெளியே வருவார்கள்?

வளர்மதியிடம் சொன்னேன். சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். அவள் மகனும் இதே காப்பகத்தில்தான்.

"நீங்க பெட்டிஷன் போட்டு, அவங்க வந்து மூடிட்டாங்கன்னா? ஒங்களுக்கு லீவு குடுப்பாங்கக்கா. எனக்கு ஏழு மணிக்கு வேன் வந்து நிக்கும். எம் புள்ளைய ஒங்க ஆபீஸ் டேபிள் மேலயா ஒக்கார வைக்கிறது?"

பெட்டிஷன் போடவில்லை. ஆனால் விடவும் இல்லை. அரை நாள் லீவு போட்டேன். "வண்டில ஏறுங்கக்கா" என்று சாந்தி அக்காவை ஸ்கூட்டரில் உட்காரவைத்து, லைசென்ஸ் தரும் துறை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், புதுப்பிக்க விண்ணப்பம் கொடுக்க வைத்தேன். செய்வது சரியா, தப்பா... எனக்குள் நூறு முறை கேட்டிருப்பேன்.

இரண்டு வாரத்தில், காலையில் நான் மகளை விடப் போயிருந்த நேரம், ஓர் அதிகாரி அம்மா வந்தார். நேராக பீரோவிடம் போனார்.

"இதுக்குப் பின்னாடி கதவு இருக்குல்ல? தொறங்க."

மூன்று பேர் சேர்ந்து பீரோவை நகர்த்தினோம். தாழ்ப்பாள் துருப்பிடித்து அசையவே இல்லை. சுத்தியலால் தட்டித்தான் திறக்க முடிந்தது. அந்தச் சத்தத்தில் குழந்தைகள் கைதட்டினார்கள்.

"இந்த எடத்துக்கு இருவது புள்ளைங்கதான். நாலு பேர அனுப்பிட்டு எழுதிக் குடுங்க. அப்பறந்தான் லைசென்ஸ்."

கடைசியாகச் சேர்ந்த நாலு பேர் போக வேண்டும் என்று முடிவாயிற்று. என் மகள் இருபத்திரண்டாவது.

அன்று மாலை சாந்தி அக்கா என்னை ஓரமாக அழைத்தார். "நீ எங்கூட அலஞ்சவ. ஒம் பொண்ண அனுப்ப மனசு வரல. அவ இருக்கட்டும். வளர்மதி புள்ளைய நிறுத்திடறேன். அவ என்ன கேக்கப்போறா?"

வளர்மதியின் மகன் என் மகளுக்கு முன்பே சேர்ந்தவன். உங்களிடம் மறைப்பானேன்? 'சரிக்கா' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எனக்கென்று ஒரு சலுகை என்றால் விதியெல்லாம் எவ்வளவு பெரிய தொல்லையாகத் தெரிகிறது!

"வேணாங்கா. வரிசைப்படியே அனுப்புங்க" என்றேன்.

இப்போது நானும் கணவரும் மாற்றி மாற்றி லீவு போட்டுக்கொண்டு வேறு காப்பகம் தேடுகிறோம். நேற்று ஓர் இடத்துக்குப் போனேன். பளபளவென்று தரை, சுவரெல்லாம் பொம்மை. லைசென்ஸைக் கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கும்மா. உள்ள எங்கயோ வச்சிருக்கோம்" என்றார் அந்த அம்மா.

"பரவால்லங்க. தேடி எடுத்துட்டு வாங்க, நிக்கிறேன்" என்றேன்.

முக்கால் மணி நேரம் நின்றேன். இல்லையென்று அவரே சொல்லும்வரை!