பால் கேட்டவளின் கல்

பனிக்குளிரில் கற்பூரம் லேசில் பற்றாது. பற்றினாலும் அதன் மணம் மேலே எழும்பாமல் கல்லோடு ஒட்டிக் கிடக்க, மூக்கில் முதலில் ஏறுவது பக்கத்து மாட்டுக் கொட்டிலின் சாணி நாற்றம்தான். சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து மஞ்சள் பஸ் வளைந்து வளைந்து ஏறிப்போய், இனிப் போக வழியில்லை என்று நின்றுவிடுகிற ஊரில், ஹோட்டல் குசினியில் அப்பா சமையல் வேலை பார்த்த காலத்தில், என் பிள்ளைப்பருவம் இந்த இரண்டு மணங்களுக்கும் நடுவில் கழிந்தது. மலை அழகு, மலைச்சனம் வெள்ளை மனம் என்று யாராவது என்னிடம் கதையை ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எதிரே நிற்கும் சிகரத்தை ஊரார் ‘கறுப்புப் பல்’ என்பார்கள். குளிர்காலம் தொடங்கினால் அது வெயிலை அடியோடு மறைத்துவிடும். மாசி மாதம் தேவாலயக் கூரையில் முதல் வெயில் விழும்வரை ஊர் முழுவதும் நிழலில்தான் கிடக்கும். சிகரத்தின் இடுப்பில் ஒரு பெரிய வெடிப்பு. அடுத்தவனின் எல்லைக்கல்லைக் களவாக நகர்த்திய ஒருவன், செத்த பிறகும் அந்தக் கல்லைத் தலையில் சுமந்துகொண்டு அதற்குள் அலைகிறானாம். கீழே அருவியில் கல்யாணம் கட்டாமல் செத்த பெண்கள் சல்லடையால் தண்ணீர் அள்ளிக்கொண்டே இருக்கிறார்களாம். கல்யாணம் ஆகாததற்கும் தண்டனையா, அட கடவுளே! அந்த ஊர்க் கதைகளில் ஒருவருக்கும் மன்னிப்பே கிடையாது.

நாங்கள் போன புதிதில் இவை ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு அப்போது ஒரே நினைப்புத்தான். அவருடைய தமையனை, அம்மா ‘பெரியண்ணை’ என்று உயிரை விடும் அந்த மனிதரை, யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குப் பிறகு ஆள் இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தகவல் இல்லை. நேர்த்தி வைக்கலாமென்றால் கிட்டடியில் ஒரு கோயில் இல்லை. அப்படியிருக்கும்போதுதான் மேய்ச்சல் நிலத்துக்கு ஏறும் பாதை இரண்டாகப் பிரியுமிடத்தில், ஆளுயரத்தில் கறுப்பாக நிற்கும் ஒரு கல்லை அம்மா கண்டார். அதைச் சுற்றி இடுப்பளவுக்குச் சின்னச் சின்னக் கற்கள் குவிந்து கிடந்தன.

“இஞ்சை பார் பிள்ளை, எவ்வளவு சனம் நேத்தி வைச்சுக் கல்லுப் போட்டிருக்குதுகள். எங்கட வைரவர் மாதிரித்தான். சக்தியில்லாட்டி இப்பிடிக் குவியுமோ?” என்றார்.

அன்றைக்கே அவரும் ஒரு கல்லை எடுத்துக் கண்ணில் ஒற்றி, குவியலின் மேல் பக்குவமாக வைத்தார். அதற்குப் பிறகு வெள்ளி தவறாமல் குங்குமம், கற்பூரம், ஒரு செம்பு பால். பாலை நான்தான் மூடி போட்ட வாளியில் உர்சுலாவின் மாட்டுக் கொட்டிலிலிருந்து வாங்கி வருவேன். உர்சுலா எங்கள் பக்கத்து வீட்டு விவசாயி; கை நிறைய அப்பிள் தந்து என் தலையைத் தடவிவிடுகிற மனுசி. அம்மா பாலை வார்த்துவிட்டு, “பெரியண்ணையைக் கொண்டந்து தா, வேறை ஒண்டும் கேக்கேல்லை,” என்று கல்லோடு கதைத்துக்கொண்டு நிற்பார். போகிறவர் வருகிறவர் ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்கள். குளிருக்குத்தான் முகம் அப்படி இருக்கிறதென்று நாங்கள் நினைத்தோம்.

அந்தக் கோடையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு பின்னேரம் மலையிலிருந்து சேறு இறங்கி, உர்சுலாவின் வைக்கோல் கொட்டிலைக் கன்றுகளோடு வாரிக்கொண்டு போனது. மறுநாள் நான் வாளியோடு போனபோது அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அந்தக் கல்லின் கதையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

முன்னொரு காலத்தில் மலைக்கு அப்பாலிருந்து பிச்சைக்காரி ஒருத்தி வந்து, மேய்ப்பர்களிடம் ஒரு கிண்ணம் பால் கேட்டாளாம். ஒருவரும் கொடுக்கவில்லை. அவள் சபிக்க, மலை சரிந்து மேய்ச்சல் நிலம் அத்தனையும் மூடுண்டுபோயிற்று. அவளும் அந்த இடத்திலேயே கல்லானாள். அவள் திரும்ப எழும்பாமல் இருக்கத்தான் போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவள்மேல் கல்லெறிகிறார்கள்.

“இத்தனை காலமும் ஒருவரும் கொடுக்காத பாலை, என் மாட்டின் பாலைக் கொடுத்து உன் அம்மா அவளை எழுப்பிவிட்டாள். உங்களுக்கு இனிப் பால் இல்லை,” என்று உர்சுலா கதவைச் சாத்தினார்.

நான் ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொன்னேன். அவர் வெறும் வாளியை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, “பால் கேட்டவளுக்குப் பால்தானே வார்த்தனான். அதிலை என்ன பிழை?” என்றார். அப்பாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. “உமக்கென்ன விசரே? இஞ்சை இருக்கிறதுக்கு இன்னும் பெர்மிட் வரேல்லை. சாமியை நெஞ்சுக்குள்ளை வைச்சுக் கும்பிடும்,” என்று கத்தினார்.

பள்ளியில் என் பக்கத்து வாங்கில் ஒருவரும் வந்து உட்காரவில்லை; அதையாவது பொறுக்கலாம். அம்மா பஸ்ஸால் இறங்கி வரும்போது பெடியள் பின்னால் வந்து அவருடைய முதுகில் பொடிக்கல் எறிந்தார்கள், ஒரு கோபமும் இல்லாமல், வழமையைச் செய்கிற மாதிரி, சிரித்துச் சிரித்து. பெரியவர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தராவது ‘டேய்’ என்று அதட்டவில்லை. அம்மாவோ கூரில் பெட்டிப்பால் வாங்கி, சால்வைக்குள் ஒளித்துக்கொண்டுபோய் வார்த்துக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் பெரியண்ணைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தார். பெர்மிட் வந்ததும் அப்பா எங்களை ஒரேயடியாகக் கூருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாமாவைப் பற்றி அன்றும் தகவல் இல்லை, இன்றும் இல்லை.

போன கோடையில், என்ன நினைத்தாரோ, “ஒருக்கா அங்கை போவம்,” என்றார் அம்மா. போனோம். ஹோட்டல் மூடிக் கிடக்கிறது. பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகளும் இல்லை. உர்சுலா போய்ச் சேர்ந்துவிட்டார்; அவருடைய மாட்டுக் கொட்டில் இப்போது விடுமுறைக்காரருக்கு வாடகைக்கு விடுகிற வீடு. கல் மட்டும் அப்படியே நின்றது. நகரத்திலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் சுற்றிவர நிற்க, ஒரு வழிகாட்டிப் பெண் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் வால் முளைத்திருந்தது. “பிறகு ஒருநாள் தூரதேசத்திலிருந்து ஒரு கறுத்த சூனியக்காரி வந்து, கல்லுக்கு நெருப்பேற்றிப் பாலூட்டினாள். அன்றைக்கே மலை இறங்கியது. ஆகவே இரண்டு கல் எறியுங்கள், பழையவளுக்கு ஒன்று, புதியவளுக்கு ஒன்று!”

பிள்ளைகள் கூச்சலிட்டு எறிந்தார்கள். முதியோர் இல்லத்தில் ஒரு ஆயுள்காலம் வேலை செய்த அம்மாவுக்கு அவர்களுடைய பாஷையில் ஒரு சொல்கூடத் தப்பாது. நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். அப்போது ஒரு சின்னப் பெண் நல்ல பிள்ளையாக ஓடிவந்து, அம்மாவிடம் ஒரு கல்லை நீட்டி, “நீங்களும் எறியுங்கள், இல்லாவிட்டால் அவள் எழும்பிவிடுவாள்,” என்றாள்.

அம்மா வாங்கிக்கொண்டார். முந்தி மாதிரி கண்ணில் ஒற்றி வைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு காலை முன்னே வைத்து, தன் பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“என்னம்மா இது?” என்றேன்.

“இந்த ஊரிலை அவளுக்குப் பால் வார்த்தது நான் ஒருத்திதான். அவள் எனக்குப் பெரியண்ணையைத் தந்தவளோ?” என்றார், குனிந்து இன்னொரு கல்லை எடுத்தபடி.