புது டீச்சர் வாசித்த ஏழு பெயர்கள்

கணக்கு டீச்சருக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. பிழைக்க வந்த நாட்டின் பாஷைதான் வாய்க்குள் நுழையாமல் அடம்பிடித்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். கரும்பலகையில் எண்களை எழுதியும் விரல்களைக் காட்டியும் எப்படியோ ஒப்பேற்றி வந்தாள். வாயைத் திறந்தால் போதும், வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்காமல், ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகச் சொல்லித் திருத்துவாள். டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் ‘வாத்தியாரம்மா’.

மாதக் கடைசிக் கூட்டத்தில் புது ஆசிரியர்தான் பேச வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். இதில் தேறிவிட்டால் பிள்ளைகள் தன்னைத் தங்கள் டீச்சராக ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பினாள். வேறொன்றும் கேட்கவில்லை, பாவம்.

பேச்சை எழுதிக் கொடுத்தவர் பள்ளிக் குமாஸ்தா. அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள். அந்தப் பாஷைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, கீழே அர்த்தமும் போட்டிருந்தார். கூட்டத்தன்று காலையில்தான் கடைசித் தாளை நீட்டினார். ஒரு வரி, ஏழு பெயர்கள். அர்த்தம் மட்டும் இல்லை.

“இது என்னண்ணே?”

“பிள்ளைங்க பேரும்மா. அந்த வரியைச் சொல்லிட்டு வரிசையா வாசிச்சிடு, அவ்ளோதான்.”

“நாலாவது நம்ம வாத்தியாரம்மா பேரு! பரிசாண்ணே?”

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மணியடிச்சாச்சு, கிளம்பு.”

துடைக்கிறானாம் கண்ணாடியை! அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போயிருப்பான்?

நாற்பது வரிகளையும் பிசகில்லாமல் ஒப்பித்தாள். அறுநூறு பிள்ளைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு பூரித்தது. பிறகு பெயர்களை வாசித்தாள். அவள் படித்த பள்ளியில் மேடையில் பெயர் வாசித்தால் கைதட்டுவார்கள். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் முகமெல்லாம் பல்லாகத் தானே கைதட்டினாள். கூட யாரும் தட்டவில்லை. கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினாள். ஏழு பேரும் மேடைக்குக் கீழே வந்து வரிசையாக நின்றார்கள்.

விளையாட்டு வாத்தியார் பிரம்போடு வந்தான். முதல் பையன் மண்டியிட்டான். மூன்றாவது அடியில் சட்டை கிழிந்தது, ஐந்தாவதில் ரத்தம் தெறித்தது. நிறுத்து என்பதற்கு அந்தப் பாஷையில் என்ன சொல்வது? மனப்பாடம் செய்ததில் அந்தச் சொல் இல்லை. அவள் தேடித் தவிப்பதற்குள் இன்னும் இரண்டு பேரின் முதுகு கிழிந்துவிட்டது.

நாலாவதாக வாத்தியாரம்மா மண்டியிட்டாள். ஒரே அடியில் குப்புற விழுந்தாள். எழுவதற்குள் அடுத்தது கழுத்தில் விழுந்தது.

“ஐயோ, விடுடா பாவி!”

டீச்சர் மேடையிலிருந்து குதித்துப் பிரம்பைப் பிடித்தாள். அவன் முழங்கையால் அவள் வாயில் இடித்தான்; பல் உடைந்தது. மிச்சப் பல்லால் அவன் மணிக்கட்டைக் கடித்தாள், அவன் அலறிப் பிரம்பை விடும்வரை. அப்புறம் அவள் அடித்தாள். தோளில், காதில், மூக்கில், விழுந்து கிடந்தவன் முகத்தில். எத்தனை அடி என்று கணக்கு டீச்சர் எண்ணவில்லை.

குமாஸ்தா ஓடிவந்து பிடித்து இழுத்தார். “போதும்மா! செத்துருவான்!”

“தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?”

“சொன்னா வாசிக்க மாட்டே. இங்க எந்த வாத்தியாரும் இந்தத் தண்டனை லிஸ்டை வாசிக்க மாட்டேங்கறாங்க. அதான் புதுசா வர்றவங்க தலையில கட்டுறாங்க. நீ வாசிக்கலேன்னா என் வேலை போயிருக்கும்மா.”

அவர் முகத்தில் ரத்தத்தோடு காறித் துப்பினாள். பிரம்பை வீசிவிட்டு, சுவரோரம் சுருண்டிருந்த பெண்ணிடம் போனாள்.

“ஒண்ணுமில்லடா கண்ணு” என்று தமிழிலேயே சொல்லி, தலையைத் தடவக் கையைத் தூக்கினாள்.

அந்தப் பெண் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, தன் பாஷையில் கெஞ்சினாள்:

“அடிக்காதீங்க டீச்சர்.”