ஒரு வாய் சாதத்தின் மதிப்பு

என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். தருமம் செய்வதற்கென்றே அங்கே ஒரு நிதியில் பணம் போட்டு வைத்திருக்கிறான். போட்ட அன்றே வரிச்சலுகை கிடைத்துவிடும். போட்ட அன்றே அந்தப் பணம் அவனுடையதும் இல்லை. யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசனை மட்டும் சொல்லலாம். "உன் காசுக்கு நீயே சிபாரிசுக் கடிதம் எழுதணுமாடா?" என்று கேட்டேன். "ஆமாக்கா" என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

எனக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. நசரத்பேட்டையில் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளி வேன் படுத்து நான்கு மாதம் ஆயிற்று. ஆட்டோவில் ஏற்றினால் அலறுவாள். அயனம்பாக்கம் ஃப்ளாட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, சுவரில் தலையை முட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். புது வேனுக்காகப் பள்ளிக்காரர்கள் எங்கள் ஃப்ளாட் ஹாலில் ஒரு விருந்து ஏற்பாடு செய்தார்கள். டோக்கன் வாங்கி வந்து சாப்பிடலாம். மீதிப் பெரும்பணம் தம்பியின் நிதி தருவதாகப் பேச்சு.

அதற்கு ஒரு நிபந்தனை. யோசனை சொன்னவர், மனைவி, பிள்ளைகள், பிள்ளைகளைக் கட்டியவர்கள், உடன்பிறந்தவர்கள் யாரும் அந்த விருந்தால் பலன் அடையக் கூடாது. சாப்பாடு கூடாது, சால்வை கூடாது. தனியாகக் காசு கொடுத்து டோக்கன் வாங்கினாலும் கூடாதாம். ஆக, தம்பிக்கும் இலை கிடையாது, எனக்கும் கிடையாது.

என் மகள் சாப்பிடலாம். கூடாதவர்கள் பட்டியலில் அக்காள் மகள் இல்லை. ஆனால் பள்ளிச் செயலாளர் விருந்தினர் பட்டியல் அனுப்பும்போது அவளைத் தம்பியின் 'மருமகள்' என்று எழுதி, அதை ஆங்கிலத்தில் மகனின் மனைவியாக்கி முத்திரையும் குத்திவிட்டார். தம்பி மகனுக்கு ஒன்பது வயது!

நிதி அலுவலகத்து அம்மா பதறிப்போய்ப் போன் செய்தார். தம்பி சும்மா இருந்திருக்கலாம். எங்கள் பக்கம் மாமன் மகனுக்கும் அத்தை மகளுக்கும் கல்யாணம் செய்வதுண்டு, அதனால் அக்காள் மகளுக்கும் மகன் மனைவிக்கும் ஒரே சொல் என்று விளக்கினான். "அப்படியானால் கல்யாணம் எப்போது?" என்று அந்த அம்மா கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். செயலாளர் திருத்தக் கடிதம் எழுதி, மறுபடி முத்திரை குத்திய பிறகுதான் விஷயம் அடங்கியது.

விருந்தன்று தம்பி அமெரிக்காவிலிருந்து வந்து நின்றான். உட்காரவில்லை, நாற்காலியும் பலனோ என்று அவனுக்குச் சந்தேகம். செயலாளர் பழக்கதோஷத்தில் சால்வையைப் பிரித்துக்கொண்டு வந்தார். தம்பி விலகி ஓட, சால்வை காலி நாற்காலிக்குப் போர்த்தப்பட்டு, அதைப் போட்டோவும் எடுத்தார்கள். சமையல்காரர் அயனம்பாக்கத்துப் பழைய குடும்பம். கூலி வாங்காமல் சமைத்தவர். கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, வூட்டாண்ட வந்துட்டு கை நனைக்காம நின்னுகினு கீற? என் சோத்துல இன்னா கொற?"

"கொறை ஒண்ணுமில்லண்ணே. சாப்பிட்டா வேன் வராது."

"சோறு துன்னா வேன் வராதா? இன்னாடா நாயம் இது!"

எல்லாரும் சிரித்தார்கள். பந்தியில் என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. இலையிலிருந்து சாம்பார் சாதத்தை ஒரு கை அள்ளிக்கொண்டு எழுந்து வந்தாள். "மாமா" என்றாள். கையை அவன் வாயருகே நீட்டினாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பாதிச் சாதம் தரையில் சிந்தியது. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"விடுக்கா" என்று தம்பி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

அதோடு விட்டானா? விருந்து முடிந்ததும் நிரப்ப ஒரு படிவம் இருந்தது. 'பெற்ற பலன்: அக்காள் மகள் ஊட்டிய ஒரு வாய் சாதம்' என்று எழுதி அனுப்பினான். சந்தை மதிப்பு என்ன என்று அந்த அம்மா கேட்டார். மதிப்பிட முடியாதது என்று எழுதினான். மதிப்பிட முடியாத பலன் பெற்றிருப்பதால் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று மறுநாளே பதில் வந்துவிட்டது.

"அட கிறுக்குப் பயலே! மூணு ரூபாய்னு எழுதித் தொலைய வேண்டியதுதானே!" என்று கத்தினேன். "என் பிள்ளை சுவத்துல முட்டிக்கிட்டுக் கிடக்கா. உனக்குக் கவிதை கேட்குதா?"

அவன் புதுப் படிவம் ஒன்றை என் பக்கம் தள்ளினான். "என்னால முடியலக்கா. நீ வேணா சாட்சியா எழுதிக் கொடு."

பேனாவை எடுத்தேன். என் மகள் தன் கையால் ஊட்டிய சாதத்தின் மதிப்பு மூன்று ரூபாய் என்று எழுதி, கீழே 'தாய்' என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் வேன் வந்தது.