தாய்மாமன் படம்

அன்றைக்கு எடுத்த கல்யாணப் படத்தை அன்றைக்கே ரிசப்ஷனில் பாட்டோடு திரையில் ஓட்டிக் காட்டாவிட்டால், எங்கள் பக்கத்தில் ஸ்டூடியோக்காரனை ஒரு ஆளாகவே மதிக்கமாட்டார்கள். காலையில் சர்ச்சில் கண்ணால் பார்த்ததைச் சாயங்காலம் மறுபடி எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் என் பிழைப்பு போய்விடும். நான் கேட்பதில்லை.

படம் எடுப்பது நான். அதைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, ஓட்டுகிறவன் ஞானதாசன். நாற்பது தாண்டியவன், கல்யாணம் ஆகவில்லை. நெய்யூரில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறான். மண்டபத்தில் மேடைக்குப் பின்னால், வாழையிலைக் கட்டும் தண்ணீர் பாட்டில் பெட்டியும் அடுக்கிய அறையில்தான் அவனுக்கு நாற்காலி. கல்யாணம் முழுவதையும் லேப்டாப்பில்தான் பார்ப்பான். பெண்ணின் சித்தி எப்போது அழுதாள், மாப்பிள்ளையின் கூட்டுக்காரன் எப்போது கொட்டாவி விட்டான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவனை அங்கே யாருக்கும் தெரியாது.

வேலை சீக்கிரம் முடிவதற்காகத் தலைப்பு மட்டும் எழுதிய வெள்ளைப் பக்கங்களை முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பான். படத்தைப் போட்டால் போதும். முதலில் அப்பா அம்மா, அடுத்தது தாய்மாமன். இந்த வரிசையில் கைவைத்தால் பந்தியில் சண்டை வரும். மாமன் இல்லாத கல்யாணம் என்றால் அந்தப் பக்கத்தை அழித்துவிடுவான். ஒருநாளும் மறந்ததில்லை.

இந்தத் தை மாதம் ஒரு வேலை வந்தது. பெண்ணின் பெயர் பெபிஷா என்றதுமே அவன் முகம் மாறிவிட்டது. அவனுடைய ஒரே அக்காள் தங்கபாயின் மகள். அவன் ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் அம்மை இறந்துபோனாள். முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. அடக்கத்தைச் செல்போனில்தான் பார்த்தான். "அம்மைக்கு ஒரு பிடி மண்ணு போட வராதவன் எனக்கு ஆரு?" என்று அக்காள் அத்தோடு பேச்சை அறுத்துக்கொண்டாள். திரும்பி வந்து அவள் வாசலில் நின்றபோதும் கதவு திறக்கவில்லை. கல்யாணத்துக்கும் சொல்லவில்லை.

"வேற ஆளப் போட்டுக்கிடலாம் மக்கா" என்றேன்.

"வேண்டாம் அண்ணே. நான் பின்னாலதான இருக்கப்போறேன். பிள்ளையக் காணலாமே."

பிள்ளையைப் பார்ப்பதோடு அவன் மனசு நிற்காது என்று எனக்குத் தெரியும். அக்காள் ஒருதரம் கூப்பிட வேண்டும். மேடையில் ஒரு ஓரமாக நின்றாலும் போதும். ஆசை யாரை விட்டது?

சாயங்காலம் கேக் வெட்டியதும் படம் ஓடத் தொடங்கியது. மோதிரம், தாலி, கையெழுத்து. அப்பா அம்மா. அதற்கடுத்து திரை வெளுத்தது. நடுவில் பெரிய எழுத்தில் 'தாய்மாமன்' என்று மட்டும் இருந்தது. ஆளில்லை. பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"படம் சிக்கிட்டுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். தங்கபாய் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேடையை விட்டு இறங்கிப் பின்னால் வந்தாள். வம்பு வந்தது என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவன் எழுந்து நின்றான். "அழிக்க மறந்துட்டேன்க்கா" என்றான். மறந்தானோ மறக்கவில்லையோ, அதை ஆண்டவர்தான் அறிவார்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். நரைத்த மீசையைப் பார்த்தாள். கண் கலங்கிய மாதிரிதான் இருந்தது.

"சோறு தின்னியா?"

"இல்லக்கா."

"தின்னுட்டுப் போ." திரும்பி நடந்துவிட்டாள்.

அவன் என் கையைப் பிடித்தான். "அண்ணே, தின்னுட்டு வான்னுதான சொன்னா?"

"எனக்குப் போன்னுதான் கேட்டுது, மக்கா. பாட்டுச் சத்தத்துல சரியாக் கேட்டுதோ என்னமோ."

"இல்ல, வான்னுதான் சொன்னா."

பந்தியில் அரைகுறையாகச் சாப்பிட்டான். முகம் கழுவி, தலைசீவி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தான். இத்தனை வருஷத்தில் அவனை நான் மண்டபத்துக்குள் பார்த்தது அன்றைக்குத்தான். மேடைக்குக் கீழே படிக்கட்டோரமாக நின்றான்.

"பெண் வீட்டுக்காரங்க எல்லாரும் மேடைக்கு வாங்க" என்று மைக்கில் அழைத்தார்கள். ஏறி நின்றார்கள். தங்கபாய்க்கு இடப்பக்கம் ஒரு ஆள் நிற்கிற இடம் கிடந்தது. நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு, லென்ஸைத் துடைத்து, ஃபிளாஷைத் திருகி, எவ்வளவு நேரம் கடத்த முடியுமோ அவ்வளவும் கடத்தினேன். அவள் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். அவனைக் கண்டாள். அவன் ஒரு படியில் கால் வைத்துவிட்டான்.

"எடுங்க" என்றாள் என்னிடம்.

தினமும் சொல்கிறதைத்தான் சொன்னேன். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க." நெருங்கினார்கள். அந்த இடம் அடைபட்டுப்போயிற்று. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசிப் பந்தி நேரத்தில் படம் மறுபடி ஓட வேண்டும், குடும்பப் படத்தையும் சேர்த்து. கேமராவிலிருந்த கார்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அவன் எனக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைப் பக்கத்தை அழித்தாயிற்று. புதுப் படத்தைத் திறந்து, அக்காள் முகத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான்.

"ரொம்ப மெலிஞ்சு போயிட்டா அண்ணே" என்றான். "முழங்கால் வலியும் உண்டும் போல. சரிஞ்சு நிக்கா, கண்டியளா?"

பிறகு அந்தப் படத்தைக் கடைசியில் சேர்த்து, கீழே 'குடும்பம்' என்று அடித்து, ஓடவிட்டான்.