பஸ் வருவதற்குள் சேர்ந்துவிட வேண்டும்

என் அத்தையை அவளோடு வேலை செய்பவர்கள் ‘சைரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில் பேஷண்டுக்கு மூச்சு முட்டியபோது அத்தை வாசலில் நின்று போட்ட சத்தத்தில், ஆம்புலன்ஸ் வரும் முன்பே தெரு முழுக்க வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டுவிட்டனவாம். இதை அத்தையே பெருமையாகச் சொல்லுவாள்.

அப்பாவின் கடைசித் தங்கை. படுத்த படுக்கையாக இருப்பவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது, ஊட்டும்போது திட்டு வாங்குவது. எந்த வீட்டுக்கு யார் போக வேண்டும் என்பதை ஏஜென்சி முடிவு செய்யும். ஒருத்தியின் நம்பரை இன்னொருத்திக்குக் கொடுக்காது. நாலு பேர் ஒன்றாகப் பேசிவிட்டால் அதற்குத் தலைவலி.

பல வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு, ஒண்டிக்கொள்ள அத்தையின் ஒற்றை அறைதான் கிடைத்தது. நான் வந்த வாரம் அத்தை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குரூப் காணாமல் போயிருந்தது.

அதன் பெயர் ‘வெள்ளைச் செருப்பு’. ஏஜென்சி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குள் வெள்ளை ரப்பர் செருப்புதான் போட வேண்டும், அதனால் அந்தப் பெயர். எல்லாரும் வைத்திருக்கும் பெரிய சமூக வலைதளம் ஒன்றில் அத்தை அதை நடத்திவந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவள் தேடினால் கிடைக்கும். எந்த வீட்டில் எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்வாள். யாரோ புகார் கொடுத்தார்கள். ‘சமூக நெறிகளை மீறியது’ என்று ஒரு வரி வந்தது. குரூப் போயிற்று. மேல்முறையீடு என்றிருந்த பொத்தானை அத்தை அழுத்தினாள். நன்றி சொல்லி ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான்.

“போனா போகுது, குரூப்புதானே அத்தை” என்றேன்.

“உனக்கென்னடி, பையை மாட்டிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவ. தண்ணித் தொட்டிக்கு எதிர்ல ஒரு மாடி வீடு இருக்கு. பெரியவர் பாவம், பேச்சு வராது. மகன்காரன்தான் சரியில்ல. கிச்சனுக்குப் போனா பின்னாலயே வர்றான், பாத்ரூம் கழுவினா வாசல்ல நிக்கிறான். அங்க போனவ ஒருத்தியும் வாரம் தாண்டல. ஆம்பள ஆளை அனுப்புங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. ஆம்பள ஆளே இல்லைன்னு சொல்லிட்டு ஏஜென்சி என்ன பண்ணுது? விவரம் தெரியாத புதுசா ஒருத்தியப் பாத்து அனுப்புது. அந்தப் புதுசு யாருன்னு எனக்குத் தெரியாது. அவளுக்கு என்னைத் தெரியாது. தேடிப் பாத்தா கிடைக்கிற மாதிரி ஒரு இடம் இருந்துச்சு, அதையும் புடுங்கிட்டானுங்க.”

அப்போதுதான் எனக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. ஒரே கம்பெனியின் கையில் சாவி இல்லாத தளம் ஒன்று இருப்பதைச் சொன்னேன். சின்னச் சின்ன சர்வர்கள், ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தன் கைக்காசிலும் ஓய்வு நேரத்திலும் நடத்துகிறார். எதில் சேர்ந்தாலும் மற்றதில் இருப்பவர்களோடு பேசலாம். ஒன்றை மூடினாலும் மற்றவை இருக்கும்.

“ஏஜென்சிக்காரன் போட்டுக்கொடுத்தா?”

“ஒருத்தர்கிட்ட போட்டுக்கொடுத்தா அவர் சர்வரை மட்டும்தான் மூட முடியும்.”

“அப்ப போனை எடுடி, மருமகளே.”

எடுத்தோம். முதல் பக்கமே, எந்த சர்வர் வேண்டும் என்று கேட்டு நீளமாக ஒரு பட்டியலைக் காட்டியது. அத்தை விரலால் தள்ளினாள். தள்ளினாள். பட்டியல் முடியவில்லை.

“இதுல எது நல்லது?”

“எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்னா என்னத்துக்குக் கேக்குறான்? மூச்சு முட்டி வர்றவன்கிட்ட ஜன்னல் பக்கத்துக் கட்டிலா, கதவுப் பக்கத்துக் கட்டிலான்னு கேட்டுக்கிட்டா நிப்போம்? முதல்ல படுக்க வை. அப்புறம் மாத்திக்கலாம்.”

எனக்குப் பழக்கமான ஒரு சர்வரில் அவளைச் சேர்த்துவிட்டேன். மற்றவர்களை எங்கே பிடிப்பது? காலையில் இரவு டூட்டி முடித்தவர்கள் இறங்கி, பகல் டூட்டிக்காரர்கள் ஏறும் பஸ் நிறுத்தத்தில். அங்கே எதைச் செய்தாலும் அடுத்த பஸ் வருவதற்குள் செய்துவிட வேண்டும்.

மறுநாள் காலை நான் விளக்க ஆரம்பித்ததும் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். பஸ் வந்தது, போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் ஒருத்தி, எல்லாரும் ‘குட்டை’ என்று கூப்பிடும் அக்கா, பட்டியலில் அழகான படம் இருந்ததைத் தொட்டுச் சேர்ந்துவிட்டாள். அது பூனை வளர்ப்பவர்களின் சர்வர். ஒரு வார்த்தை புரியாத பாஷை. திறந்தால் பூனை, மூடினால் பூனை.

“நான் போய் பூனைங்களோட மாட்டிக்கிட்டேனே!” என்று அலறினாள்.

“அங்கே இருந்தே எங்களோட பேசலாம் அக்கா” என்றேன்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். “இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? நீ சர்வரு, கிர்வருன்னு வகுப்பெடுத்துக்கிட்டு நிக்கிற.”

மற்றவர்களை அத்தையின் சர்வருக்கே விண்ணப்பிக்கச் செய்தோம். ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்?’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவரவரே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டேன். சாயங்காலம் பார்த்தால் ஒருவர் விடாமல் நிராகரிக்கப்பட்டிருந்தார்கள். ஆள் இல்லாமல் இயந்திரமே தொடங்கும் போலிக் கணக்குகள் என்ற சந்தேகமாம்.

எழுதியதை வாங்கிப் பார்த்தேன். எல்லாரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: ‘பொறுமையோடும் அன்போடும் நேரந்தவறாமலும் பணியாற்றுவேன் என உறுதி கூறுகிறேன்.’ வேலைக்குச் சேரும்போது எந்த வீட்டில் எதைக் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று ஏஜென்சி மனப்பாடம் செய்ய வைத்த வாக்கியம். ஏன் சேர்கிறாய் என்று யார் கேட்டாலும் அவர்கள் வாயில் அதுதான் வரும்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அத்தை உட்காரவில்லை. “நடத்துற ஆள் யாரு? நம்பரு குடு.”

நடத்துபவர் பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவருக்கு எழுதி நம்பர் வாங்கி, மறுநாள் அவருடைய வேலை நேரத்திலேயே கூப்பிட்டோம். ஏதோ லிஃப்ட் குழிக்குள் இருந்து பேசினார் போல, குரல் எதிரொலித்தது.

“எங்களைப் பாத்தா மெஷின் மாதிரியா இருக்கு உங்களுக்கு?”

“இல்லைங்க, எல்லாரும் ஒரே மாதிரி...”

“ஒரே மாதிரிதான் பேசணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. வேற மாதிரி பேசுறதுக்குத்தான் உங்ககிட்ட வர்றோம். நீங்களும் வாசல்ல நிறுத்திக் கேள்வி கேட்டா எப்படி? சுதந்திரமான இடம்னு போர்டு மாட்டிட்டு, உள்ள வர்றதுக்குப் பரீட்சை வெச்சிருக்கீங்க. பாஸாகுறவங்க எல்லாம் உங்க மாதிரி ஆளுங்கதான். அப்ப எங்களை மாதிரி ஆளுங்க எங்க போறது, மறுபடியும் அந்தப் பெரிய கம்பெனி காலடிக்கா?”

மறுமுனையில் ஸ்பேனர் எதன் மீதோ விழும் சத்தம். “விளம்பரக்காரங்க தொல்லை தாங்காமத்தான் அந்தக் கேள்வியை வெச்சேன். உங்களை நம்பி ஒரு அழைப்பு லிங்க் தர்றேங்க” என்றார். “அதைத் தொட்டா சர்வர் எதுன்னு கேக்காது, ஏன்னு கேக்காது. ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்டு, போன்ல இருக்கிற மெயில். உள்ள வந்ததும் ‘வெள்ளைச் செருப்பு’தான் முதல்ல தெரியும். ஆனா வர்றவங்க தப்பு பண்ணினா நான் உங்களைத்தான் கேப்பேன்.”

“கேளுங்க. என்னையே கேளுங்க.”

அந்த லிங்கை க்யூஆர் குறியீடாக அச்சடித்து ஒட்டுவதற்கு அத்தை தேர்ந்தெடுத்த இடம், ஏஜென்சி கழுத்தில் மாட்டச் சொன்ன அடையாள அட்டையின் பின்பக்கம். முன்னால் ஏஜென்சியின் சின்னம், திருப்பினால் எங்கள் வாசல். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி ஒருத்தி அட்டையைத் திருப்புவாள், பக்கத்தில் நிற்பவள் போனைக் காட்டுவாள், அடுத்த நிறுத்தத்துக்குள் முடிந்துவிடும். எங்களுக்குத் தெரியாத பஸ்களில், பார்த்தேயிராத நிறுத்தங்களில் ஆட்கள் சேர்ந்தார்கள். நான் விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. குட்டை அக்கா பூனைகளோடேயே இருந்துகொண்டாள். பழகிவிட்டதாம்.

கூட்டம் சேர்ந்ததும் அத்தை முதலில் எழுதியது மாடி வீட்டைப் பற்றி. பின்னால் வருவது, வாசலில் நிற்பது எல்லாவற்றையும் எழுதி, ‘அங்கே பெண்கள் தனியாகப் போகாதீர்கள், ஆண் பணியாளரைக் கேளுங்கள்’ என்று முடித்து, தன் முழுப் பெயரையும் போட்டாள். பெயர் வேண்டாம் என்று நான் சொன்னேன்.

“மொட்டைக் கடுதாசிய எவ நம்புவா?”

அதைப் படித்துவிட்டு ஏஜென்சியின் சூப்பர்வைசர் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் போன். “இதை யார்கிட்டம்மா கம்ப்ளைண்ட் பண்றது?”

“சர்வர் நடத்துற லிஃப்ட்காரர்கிட்ட பண்ணுங்க சார்.”

“பண்ணினேன். நடந்தது உண்மையா இல்லையான்னு திருப்பிக் கேக்குறாரு.”

“நியாயமாத்தானே கேக்குறாரு? அப்ப பூனைக்காரங்ககிட்ட பண்ணிப் பாருங்க. நம்ம பாஷை தெரியாது, படம் வரைஞ்சு அனுப்புங்க.”

நிறுத்தமே சிரித்தது. அவர் முகம் கறுத்தது. “இன்னிலேருந்து உனக்கு டூட்டி கிடையாது.”

“என்னைத் தூக்கிக்குங்க. எழுதினது அங்கேயேதான் இருக்கும்.”

அன்றைக்குத் தன் அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.  வீட்டுக்கு வந்ததும், முன்பு வேலை செய்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு நேரடி வேலை கேட்க ஆரம்பித்தாள். இரண்டு வீட்டில் மறுத்தார்கள். மூன்றாவது வீட்டம்மா உடனே வரச் சொன்னாள்.

அங்கே அவள் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தச் செய்தி வந்தது. யாருக்கும் தெரியாத ஒரு பெண், நகரத்தின் மறுகோடியிலிருந்து. ‘நாளைக்கு எனக்கு தண்ணித் தொட்டி மாடி வீடு போட்டிருக்காங்க. நான் புதுசு. என்ன பண்றது?’

அத்தை பதில் போடுவதற்குள் மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். போகாதே என்று நிறையப் பேர். ஆபீஸில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒருத்தி. அந்தப் பெண் மறுத்துவிட்டாள். அவளுக்குப் பதிலாகக் கேட்கப்பட்டவளும் மறுத்தாள், அதற்கடுத்தவளும். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. கடைசியில் ஏஜென்சி, ஆண் ஆளே இல்லை என்று இத்தனை நாள் சாதித்த ஏஜென்சி, ஓர் ஆண் பணியாளரை அனுப்பியது.

அவரும் குரூப்பில் சேர்ந்தார். முதல் நாள் வேலை முடித்துவிட்டு எழுதினார்: ‘பெரியவர் நன்றாகச் சாப்பிட்டார். அவர் அறைக் கதவில் வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் இருந்தது, உள்ளே யார் இருந்தாலும் அடைத்துவிடலாம். எதற்கு என்று மகனிடம் கேட்டேன். எழுந்து போய்விட்டார். கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன்.’

அத்தை அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அதன் கீழே எழுதினாள்: ‘திரும்ப மாட்டினா சொல்லுங்க தம்பி. நாங்க எல்லாருமா வர்றோம்.’