உள்ளே விட்ட துணி

மஞ்சக்குப்பத்தில் இருசம்மாளிடம் ரவிக்கை தைக்கலாம், பள்ளிச் சீருடை தைக்கலாம், கிழிந்த திரைச்சீலையைக்கூடக் கொடுக்கலாம். கைக்குழந்தைத் துணி மட்டும் வாங்க மாட்டார். "அது எனக்கு வராதும்மா, ரெடிமேடா கெடைக்குது, வாங்கிக்குங்க" என்று அனுப்பிவிடுவார். முப்பது வருடம் மிஷினில் உட்கார்ந்தவருக்கு ஒரு சின்னச் சட்டை தைக்க வராதா என்று யாரும் கேட்டதில்லை.

வெட்டில் மிஞ்சும் துணிகளைச் சதுரமாக நறுக்கி, சேர்த்துப் போர்வை தைப்பது அவருக்குப் பிடித்த வேலை. தொடங்குவதோடு சரி. தீபாவளி வந்தால், பள்ளி திறந்தால், எல்லாம் பரணுக்குப் போய்விடும். இவரைப் போன்ற எட்டுப் பெண்களைச் சேர்த்து, டீச்சர் சுவேதா ஜூலையில் ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார். பாதியில் நிற்கும் ஆறு வேலைகளை எண் போட்டு எழுதி அனுப்ப வேண்டும். மாதம் ஒன்றாம் தேதி சுவேதா சீட்டு எடுப்பார். வந்த எண்ணுக்குரிய தன் வேலையை ஒவ்வொருத்தியும் மாதக் கடைசிக்குள் முடித்துப் படம் போட வேண்டும்.

இருசம்மாளுக்கு ஐந்துதான் தேறின. யோசித்து, ஆறாவதாக 'சின்னப் போர்வை' என்று எழுதினார். அந்த எண் வருவதற்குள் குழுவே கலைந்துவிடும் என்ற நினைப்பு.

அக்டோபரில் ஆறு வந்தது.

"என்னோட ஆறு எங்க வூட்டுக்காரரு பைஜாமா. ஒத்தக் காலோட நிக்குது" என்று ஒருத்தி குரல் அனுப்ப, குழுவே சிரித்தது. இருசம்மாள் போனை வைத்துவிட்டுக் கணவர் பழனிவேலைப் பரணில் ஏறச் சொன்னார். பையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இது எதுக்குடி இப்ப? வேற எதையாவது தச்சுப் போட்டோ போடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

ஒன்பது வருடத்துக்கு முன், பழனிவேலின் தங்கை கனிமொழி ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது தொடங்கியது அது. பிறக்கும் முன்பே குழந்தைக்குத் தைக்கக் கூடாது என்பது இருசம்மாளுக்குத் தெரியாததல்ல. மிஞ்சின துணிதானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். வளைகாப்பில் எடுத்துக் காட்டவும் செய்தார். எட்டாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கனிமொழி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "நீங்க முன்னாடியே தச்சிருக்கக் கூடாது அண்ணி" என்றாள். அப்புறம் பொங்கலுக்கு வந்தாள், போனாள், சிரித்துப் பேசினாள். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் திரும்ப எடுக்கவில்லை. வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

இருபது நாள் அந்தப் பை மிஷின் பக்கத்தில் கிடந்தது. தொட்டால் கை ஓடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு நடுவே, அதை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார்.

கனிமொழி அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வீட்டில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. போன்கூடப் பண்ணாம? அண்ணன்கூடச் சண்டையா?"

இருசம்மாள் பையைப் பிரித்துத் தரையில் வைத்தார். கனிமொழியின் கை நின்றது.

"தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"முடியல கனி. நீயே சொல்லு. முடிக்கட்டுமா, கொளுத்திடட்டுமா?"

கனிமொழி கறிவேப்பிலையை ஓரமாக நகர்த்தினாள். "ரெண்டு மூணு வருசம் நெசமாவே உங்களாலதான்னு நெனச்சேன் அண்ணி. உங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்காது. அப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரிப் பேப்பரை எங்க கடை மிஷின்லயே காப்பி எடுக்கறப்ப முழுசாப் படிச்சேன். கழுத்துல கொடி சுத்தியிருக்குன்னு போட்டிருந்துச்சு. துணியைப் பத்தி ஒண்ணும் போடல."

இருசம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல" என்ற கனிமொழி, போர்வையைப் புரட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, உள்ள இம்புட்டுத் துணி விட்டிருக்கீங்க?"

"பழக்கம். யூனிபாரத்துக்கு விடுற மாதிரி. புள்ள வளந்தா பிரிச்சு விட்டுக்கலாம்னு..."

கனிமொழி அந்த ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். "அப்பப் பிரிச்சு விடுங்க. எனக்குக் கால் மறையணும், அம்புட்டுதான்."

பத்து நாளில் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். நான்கு அங்குலச் சதுரம் ஐந்தரை ஆனது. பழைய தையல் போன வழியெல்லாம் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டும் அவை மூடவில்லை. அப்படியே முடித்து, முப்பத்தொன்றாம் தேதி படம் போட்டார்.

அடுத்த வாரம் ஒரு பெண் மசக்கை முகத்தோடு வந்து, குழந்தைக்குச் சட்டை தைக்க முடியுமா என்று கேட்டாள்.

"பொறக்கட்டும்மா" என்றார் இருசம்மாள். "பொறந்த அன்னிக்கே துணியக் குடுத்தனுப்பு. மறுநாளே தச்சுத் தர்றேன்."